சம்பளத்துக்குள் ஒரு முதல் கார்: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் தினமும் வேலைக்கு ஓடுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

நான் மெக்கானிக் இல்லை. அரச அலுவலகம் ஒன்றில் முகாமைத்துவ உதவியாளர். ஆரையம்பதியில் இருந்து கல்முனைக்கு ஒன்பது வருடமாக ஓடுகிறேன். முதல் கார் வாங்கியதில் நன்றாக அடிபட்டேன். அதற்குப் பிறகு அலுவலகத்தில் யார் கார் பார்க்கப் போனாலும் என்னையும் ஏற்றிக்கொண்டு போவது வழக்கமாகிவிட்டது. சூடு கண்ட பூனை என்ற தகுதிதான். போகிற வழியில் எல்லாரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள் என்பதால் எழுதி வைக்கிறேன்.

அண்ணன், எனக்கு உண்மையில் கார் தேவைதானா? மோட்டார் சைக்கிள் இருக்கு.

இதைக் கேட்கிற ஆளுக்குப் பாதிக் காசு அப்போதே மிச்சம். மட்டக்களப்பில் இருந்து கல்முனை, அக்கரைப்பற்று வரை போகும் ஏ4 வீதியில் விடியற்காலை தொடங்கி பஸ் இருக்கிறது. வீடும் வேலையிடமும் அந்த வீதியை ஒட்டி இருந்தால், தனி ஒருவருக்குக் கார் என்பது வசதி, தேவை அல்ல. கார்த்திகை, மார்கழி மழையில் மோட்டார் சைக்கிளில் நனைந்து போவது, சின்னப் பிள்ளையை வழியில் பாடசாலையில் இறக்குவது, வீதிக்கு உள்ளே ஐந்தாறு கிலோமீற்றர் தள்ளி வேலையிடம் இருப்பது, இரவு ட்யூட்டி முடிந்து வருவது, இந்த நாலில் இரண்டு உங்களுக்கு இருந்தால் தொடர்ந்து வாசியுங்கள்.

ஒரு கணக்கு சொல்கிறேன், பிறகும் தேவைப்படும். ஒரு வழி 25 கிலோமீற்றர் என்று வைப்போம். மட்டக்களப்பில் இருந்து களுவாஞ்சிக்குடிப் பக்கம் போகிறவருக்கு ஏறத்தாழ இதுதான். நாளுக்கு 50, மாதம் 22 நாள், 1,100 கிலோமீற்றர். லீற்றருக்கு 15 ஓடும் கார் என்றால் மாதம் 73 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்று பிடித்தால் 22,000 ரூபா. அதே பாதையில் போகும் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டால் உங்கள் பங்கு 7,300. எங்கள் காரில் இப்போது மூன்று பேர். பெற்றோல் காசு மாத முதல் கிழமையிலேயே கைக்கு வரவேண்டும் என்பதுதான் ஒரே சட்டம். நட்பு கெடாமல் இருக்க இதைவிட நல்ல வழி இல்லை.

கையில் எவ்வளவு காசு இருந்தால் தேடத் தொடங்கலாம்?

விலைப் பட்டியல் தரமாட்டேன். நான் எழுதி முடிப்பதற்குள் மாறிவிடும். விலை ஏன் இப்படி இருக்கிறது என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். சொந்தப் பாவனைக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடத்தில் நாட்டில் இருந்த அதே கார்கள்தான் கைமாறிக்கொண்டிருந்தன. அதனால்தான் வாங்கிய விலையைவிடக் கூடிய விலைக்கு பத்து வருடப் பழைய காரை விற்ற அதிசயம் எல்லாம் நடந்தது. திறந்த பிறகும் இறக்குமதித் தீர்வை, உற்பத்தி வரி, அதன் மேல் 18 வீத வற் என்று வரிக்கு மேல் வரி ஏறுவதால் புதிய கார் சம்பளக்காரருக்கு எட்டாத உயரத்தில்தான் நிற்கிறது. ஆகவே இந்தப் பக்கத்தில் நாம் பேசுவது எல்லாம் ஏற்கெனவே இங்கே பதிந்து ஓடிய கார்களைப் பற்றித்தான்.

எவ்வளவு காசு இருந்தாலும் அதில் பத்தில் ஒரு பங்கைத் தொடாதீர்கள். 30 இலட்சம் வைத்திருப்பவர் 27 இலட்சத்துக்குள் கார் தேட வேண்டும். மிச்சம் 3 இலட்சம் முதல் மூன்று மாதத்துக்கு: நாலு டயர், பற்றரி, கியர் ஒயில், புஷ், பிரேக், காப்புறுதி, பெயர் மாற்றம். விற்கிறவர் ஏன் விற்கிறார் என்று நினைக்கிறீர்கள்? பெரும்பாலும் அடுத்த மாதம் ஒரு பெரிய செலவு வருகிறது என்று அவருக்குத் தெரியும்.

லீசிங் போடலாமா?

போடாமல் முடியுமானால் போடாதீர்கள். முடியாது என்றால், ஒரே கேள்வியை நாலு இடத்தில் கேளுங்கள்: "இலட்சத்துக்கு மாதம் எவ்வளவு?" வட்டி வீதத்தைச் சொல்லி மயக்குவார்கள். 14 வீதம் என்பது இரண்டு விதமாக இருக்கலாம். குறைந்து செல்லும் மீதிக்கு 14 வீதம் என்றால் ஐந்து வருடத்துக்கு இலட்சத்துக்கு மாதம் சுமார் 2,327 ரூபா. முழுத் தொகைக்கும் கடைசிவரை அதே 14 வீதம் என்றால் 2,833. இருபது இலட்சம் எடுத்தால் முதலாவதில் மாதம் 46,500 சொச்சம்; இரண்டாவதில் 56,600 சொச்சம். ஐந்து வருடம் முடிய வித்தியாசம் ஆறு இலட்சம். வாயால் சொல்லும்போது இரண்டும் "14 வீதம்"தான்.

வட்டி வேண்டாம் என்று இஸ்லாமிய நிதி முறைகளான இஜாரா (வாடகை), முராபஹா (இலாபம் சேர்த்து விற்பது) வழியில் எடுக்கும் காத்தான்குடி, கல்முனை நண்பர்களும் இதே இலட்சக் கணக்கைக் கேட்டுக்கொள்வது நல்லது. முறை வேறு, மாதம் பையில் இருந்து போகிற காசு காசுதான். அரச ஊழியர்கள் தங்களுக்குக் குறைந்த வட்டியில் கிடைக்கும் இடர்கடனை முதலில் எடுத்து முடித்துவிட்டு, மீதிக்கு மட்டும் லீசிங்குக்குப் போங்கள். காரின் பெறுமதியில் எத்தனை வீதம் வரை கடன் தரலாம் என்பதை மத்திய வங்கி அவ்வப்போது மாற்றும். அதனால் போன வருடம் மச்சான் எடுத்த கணக்கை நம்பி முற்பணம் கட்டிவிடாதீர்கள்.

தவணை, பெற்றோல், காப்புறுதி மூன்றும் சேர்ந்து கைக்கு வரும் சம்பளத்தில் மூன்றில் ஒன்றைத் தாண்டினால் அந்தக் கார் உங்களுக்கு இல்லை. இது என் சொந்த அளவுகோல். மனைவியின் சம்பளத்தையும் கூட்டிக் கணக்குப் பார்த்தவர்கள் பிரசவ விடுமுறை, இடமாற்றம் என்று வரும்போது முழி பிதுங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

பெற்றோல் மிச்சம் என்று, பெற்றோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் உள்ள ஹைபிரிட் எடுக்கச் சொல்கிறார்களே?

2022இல் பெற்றோல் ஷெட்டுக்கு முன்னால் வரிசையில் படுத்துக் கிடந்தவர்களுக்கு இந்த ஆசை வருவதில் பிழை சொல்லமாட்டேன். கியூஆர் அட்டையில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று கொடுத்த காலத்தில், அந்த இருபதை வைத்து ஐந்து நாளும் வேலைக்குப் போனவன் ராஜா.

ஆனால் கணக்குப் பாருங்கள். மேலே சொன்ன 1,100 கிலோமீற்றருக்கு, 15 ஓடும் கார் 73 லீற்றர் குடிக்கும். 20 ஓடும் கார் 55 லீற்றர். மிச்சம் 18 லீற்றர், மாதம் 5,500 ரூபா. அந்த மிச்சத்துக்காக 15 இலட்சம் கூடக் கொடுத்தால், போட்ட காசு திரும்பி வர 22 வருடத்துக்கு மேல். அதற்குள் நீங்களே ஓய்வூதியம்.

இன்னொன்று. ஹைபிரிட் அதன் திறமையைக் காட்டுவது நின்று நின்று போகும் கொழும்பு நெரிசலில். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியில் பற்றரி ஏறுகிறது. நம்மட வீதி அப்படி இல்லை. காத்தான்குடிச் சந்தையையும் கல்முனை நகரத்தையும் விட்டால் நேராக அறுபதில் ஓடலாம். அப்படி ஓடும்போது நல்ல சின்னப் பெற்றோல் எஞ்சின் கிட்டத்தட்ட அதே கணக்கைத் தரும்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், டொயோட்டா அக்குவா மாதிரி முழு ஹைபிரிட்டில் பெரிய பற்றரி பின் சீற்றுக்குக் கீழே இருக்கிறது. அதைக் குளிர வைக்கும் காற்று, சீற்றுக்கு அருகில் உள்ள துவாரம் வழியாகப் போகிறது. அந்த வலையில் தூசு அடைத்தால் பற்றரி சூடாகிச் சாகும். கிறவல் வீதியில் ஓடுகிறவர்கள் ஒவ்வொரு சேர்விஸுக்கும் அதைக் கழற்றித் துப்புரவாக்கச் சொல்லுங்கள். சுசுகி வகன் ஆர் போன்றவை அரை ஹைபிரிட்தான். பற்றரி சின்னது, பயமும் சின்னது.

சரி, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். எந்தக் கார்?

முதலில் உங்கள் ஊர் கராஜுக்குப் போங்கள். காரோடு இல்லை, சும்மா. ஒரு சனிக்கிழமை காலை அங்கே நின்று எந்தக் கார்கள் உள்ளே வருகின்றன, எவை அன்றைக்கே வெளியே போகின்றன, எவை தூசு படிந்து ஓரத்தில் நிற்கின்றன என்று பாருங்கள். ஓரத்தில் நிற்பவை பெரும்பாலும் மோசமான கார்கள் அல்ல. ஒரு சென்சருக்கோ ஒரு ரப்பருக்கோ கொழும்புப் பஞ்சிகாவத்தையில் இருந்து சாமான் வரும்வரை காத்திருப்பவை. வேலைக்குப் போகிற கார் மூன்று நாள் நின்றால் மூன்று நாள் லீவு. ஆகவே பாஸுக்கு, அதாவது கராஜ் மெக்கானிக்குக்கு, கண்ணை மூடிக்கொண்டு கழற்றத் தெரிந்த, சாமான் கல்முனையிலோ மட்டக்களப்பிலோ கிடைக்கிற கார்தான் முதல் கார். அழகு அடுத்த காருக்கு.

அந்தக் கண்ணால் பார்த்தால் என் தெரிவு இப்படி விழும்.

காசு மிகக் குறைவு என்றால் மாருதி அல்ரோ 800. 796 சிசி, மூன்று சிலிண்டர், உள்ளே மர்மம் எதுவும் இல்லை. சாமான் மலிவு. தனியாகவோ இருவராகவோ போகிறவருக்குப் போதும். ஆனால் ஒரு விடயத்தை மறைக்கமாட்டேன். 2014இல் குளோபல் என்கெப் அமைப்பு எயார்பேக் இல்லாத இந்திய அல்ரோ 800ஐ மோதிப் பார்த்தபோது, பெரியவர்களின் பாதுகாப்புக்குக் கிடைத்தது பூச்சிய நட்சத்திரம். ஏ4 வீதியில் எதிரே வரும் பஸ்களை நினைத்தால் இது சின்ன விடயம் இல்லை. எயார்பேக் உள்ள பதிப்பு கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் அதை எடுங்கள்.

ஒரு படி மேலே, டொயோட்டா விட்ஸின் 1000 சிசி, அல்லது பெரதுவா அக்சியா. இரண்டிலும் இருப்பது 1கேஆர் என்ற ஒரே குடும்பத்து எஞ்சின். ரைமிங் செயின் என்பதால் பெல்ட் மாற்றும் செலவு இல்லை. எனக்கு அக்சியா பிடிக்கும். ஏசி நம்மட கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில்கூடத் தாக்குப்பிடிக்கிறது, பூட்டில் இரண்டு மூட்டை அரிசி போடலாம். விட்ஸ் கொஞ்சம் திடமாக இருக்கும், ஆனால் "டொயோட்டா" என்ற பெயருக்கும் சேர்த்துக் காசு கொடுப்பீர்கள். விட்ஸின் சிவிடி என்ற ஓட்டோ கியரில் முதலாவது சேர்விஸிலேயே ஒயிலை மாற்றிவிடுங்கள். முன்னைய சொந்தக்காரர் மாற்றினேன் என்று சொன்னாலும் மாற்றுங்கள்.

ஜப்பான் 660 சிசி வகன் ஆர், அல்ரோ இரண்டும் ஊருக்குள் ஓட இனிமையானவை. ஏசியும் போட்டு நாலு பேரும் ஏறி அம்பாறையில் இருந்து மகாஓயாப் பக்கம் ஏறினால் எஞ்சின் கத்தும். கரையோரம் தட்டை என்பதால் கல்முனைக்காரருக்கு அந்தக் கவலை இல்லை. கவலை விலைதான். கிராக்கி கூடிய கார், பேரம் பேச இடம் தரமாட்டார்கள்.

வீட்டில் ஐந்து பேர், பின்னால் ஒரு பெட்டி இருந்தால் நல்லது என்பவருக்குப் பழைய செடான்: கொரோலா 110, 121, நிசான் எஃப்பி15. வயது இருபதைத் தாண்டியவை. எந்தக் கராஜிலும் பிள்ளை மாதிரி வளர்ப்பார்கள். பெற்றோல் கூடக் குடிக்கும், கீழ்த்தகட்டில் துரு இருக்கும். 110 என்றால் ரைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் அன்றைக்கே மாற்றுங்கள்.

ஹொண்டா ஃபிட் ஜிபி5 பற்றி யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். ஓட்ட அருமையான கார். இரட்டைக் கிளச் கியர் அதில். ஜப்பானிலேயே அதன் கியர் மென்பொருளுக்காகப் பல தடவை திரும்ப அழைத்துத் திருத்தினார்கள். முதல் காராக வேண்டாம்.

நான் படுவான்கரைப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். மண்முனைப் பாலம் தாண்டி கொக்கட்டிச்சோலை, அங்கிருந்து உள்ளே. எனக்கும் அதே பதிலா?

இல்லை, ரீச்சர். 2014இல் வாவிக்கு மேலால் மண்முனைப் பாலம் திறந்த பிறகு தோணிக்கும், பாதை என்று நாம் சொல்லும் மிதவைப் படகுக்கும் காத்திருந்த காலம் போனது உண்மைதான். ஆனால் பெரிய வீதியை விட்டு இறங்கியதும் கிறவல், பள்ளம், மழைக்காலத்தில் மேலால் தண்ணீர் பாயும் வீதி. உங்களுக்குக் காரின் பெயரைவிட முக்கியமானது அடிப்பக்கம் எவ்வளவு உயரம் என்பதும் டயர் எவ்வளவு தடிப்பம் என்பதும். முன் பம்பரைத் தாழ்த்தி ஸ்கேர்ட் போட்ட காரை விலை குறைத்துத் தந்தாலும் வேண்டாம். மெல்லிய பக்கச் சுவருள்ள அலங்கார அலோய் வீலும் வேண்டாம்; சாதாரண இரும்பு ரிம் அடிபட்டால் தட்டி நிமிர்த்தலாம். ஸ்பெயர் வீல் இல்லாமல் ஒட்டும் மருந்துப் போத்தல் மட்டும் வரும் ஜப்பான் கார்கள் இருக்கின்றன. அப்படியென்றால் ஒரு வீலைத் தனியாக வாங்கிப் பூட்டில் போடுங்கள். வெல்லாவெளிப் பக்கம் டயர் வெடித்தால் அந்தப் போத்தல் உதவாது.

அறுவடை மாதங்களில் சூடடித்த வைக்கோலும் நெல் தூசும் ரேடியேட்டர் முகத்தில் அப்பும். கிழமைக்கு ஒருக்கா தண்ணீர் அடித்துக் கழுவினாலே போதும். வெப்பமானி ஏறுவதைக் கவனிக்காமல் ஓடி சிலிண்டர் ஹெட் வளைந்த எஞ்சின்களுக்குக் காரணம் பல நேரம் இவ்வளவுதான்.

வெள்ளத்தில் நின்ற காரை எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்குத்தான் நான் பட்டதாரி.

என் முதல் கார் வெள்ளி நிறம், வெளியில் ஒரு கீறல் இல்லை. விற்றவர் "மழைகூடப் படாத வண்டி தம்பி" என்றார். உள்ளே புதுக் கம்பளம், மூக்கைத் துளைக்கும் வாசனைத் திரவியம். புதுக் கம்பளத்தைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன், சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மூன்றாம் மாதம் கண்ணாடி தானாக இறங்கத் தொடங்கியது. பிறகு ஒரு நாள் கிரான்குளத்தில் ஹோர்ன் அடித்தது, நிற்கவே இல்லை. ஊரே வெளியில் வந்து பார்த்தது. வயரிங் பாஸ் சாரதிப் பக்கக் கால் தகட்டைக் கழற்றி உள்ளே கையை விட்டு எடுத்தது ஒரு பிடி காய்ந்த பாசி. "உங்கட கார் நீந்தப் பழகியிருக்கு" என்றார்.

நம்மட பக்கத்தில் இது தனிப் பிரச்சினை. வாவியும் கடலும் கலந்த தண்ணீர் ஏறினால், மழை வெள்ளத்தைவிடப் பல மடங்கு கெடுதல். உப்பு, வயர் இணைப்புகளுக்குள் உட்கார்ந்து மாதக் கணக்கில் தின்னும். 2024 நவம்பர் வெள்ளத்தில் மாவடிப்பள்ளி வீதி என்ன பாடுபட்டது என்று அம்பாறைக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நாட்டின் பல மாவட்டங்களை மூழ்கடித்தது. அந்தத் தண்ணீரில் நின்ற கார்களும் கழுவித் துடைத்துச் சந்தைக்கு வரத்தான் செய்யும். ஆகவே இது நம் மாவட்டக் கார்களுக்கு மட்டுமான சோதனை இல்லை.

சீற் பெல்ட்டை முழுவதும் இழுத்து அடிப்பகுதியைப் பாருங்கள். கழுவினாலும் அங்கே மண் நிறக் கோடு நிற்கும். சீற்றைத் தரையோடு பூட்டும் நட்டுகளில் துரு இருக்கிறதா, அல்லது கார் பழசாக இருக்க நட்டு மட்டும் புதிதாக மின்னுகிறதா? ஸ்பெயர் வீலைத் தூக்கி அந்தக் குழியின் மூலையில் விரலை விடுங்கள். மணல் விரலில் ஒட்டும். ஹெட்லைட்டுக்குள் நீர்க்கோடு, ஃபியூஸ் பெட்டியில் பச்சை நிறப் பூப்பு. கண்ணாடிகளை மூடி வெயிலில் பத்து நிமிடம் விட்டு, பிறகு கதவைத் திறந்து முதல் மூச்சை எடுங்கள். ஈரச் சாக்கு மணத்தை எந்த வாசனைத் திரவியத்தாலும் பத்து நிமிடத்துக்கு மேல் மறைக்க முடியாது.

கார் பார்க்கப் போகும்போது வேறு என்ன கவனிக்க?

போன் பண்ணி "எஞ்சினைச் சூடாக்கி வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பொனற்றில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் அவர் எதையோ மறைக்கிறார், அல்லது சந்தைக்குப் போய் வந்திருக்கிறார். எப்படியானாலும் இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று திரும்புங்கள். குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் முதல் பத்து வினாடியில் சத்தமும் புகையும் உண்மையைப் பேசும்.

மீற்றரில் இருக்கும் கிலோமீற்றரை நம்பாதீர்கள். பிரேக் பெடல் ரப்பரையும் ஸ்டியரிங் தேய்மானத்தையும் நம்புங்கள். 60,000 ஓடிய காரில் பெடல் ரப்பர் வழுக்கையாகாது. டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. டயரின் வரிப்பள்ளம் ஆழமாக இருந்தாலும் ஆறேழு வருடம் தாண்டியது கடும் வெயிலில் வெடிக்கக்கூடிய டயர். அதன் விலையைக் காரின் விலையில் கழியுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது நடுப்பகலில், ஏசி முழுதாகப் போட்டு, ரேடியோ இல்லாமல். விற்கிறவர் பக்கத்தில் இருந்து கதை சொல்லிக்கொண்டே வந்தால் மரியாதையாக, "ஐந்து நிமிடம் பேசாமல் ஓடுவோம் ஐயா" என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் பாஸைக் கூட்டிப் போங்கள், அவருடைய அரைநாள் கூலியைக் கொடுத்துக் கூட்டிப் போங்கள். விற்கிறவரின் பாஸ் நல்லவராக இருக்கலாம், ஆனால் அவர் விற்கிறவரின் பாஸ்.

கொழும்பில், குருநாகலில் மலிவு என்கிறார்களே?

தெரிவு அங்கே அதிகம், அது உண்மை. ரியசெவன, இக்மன் விளம்பரத் தளங்களைப் பார்த்து ஒரே நாளில் நாலு கார் பார்க்கிற மாதிரித் திட்டமிட்டுப் போனால் லாபம் இருக்கும். ஒன்றை மட்டும் நம்பி ஏழு மணித்தியாலம் பஸ்ஸில் போனால், வெறுங்கையோடு திரும்ப வெட்கப்பட்டே அதை வாங்கிவிடுவீர்கள். நான் கூடப்போன ஒருவர் அப்படித்தான் வாங்கினார். கண்டிப் பக்கக் காரில் கிளச்சும் பிரேக்கும் தேய்ந்திருக்கும், உடம்பு துரு இல்லாமல் இருக்கும். நம் கரையோரக் காரில் தலைகீழ்.

பத்திர வேலை?

பதிவுப் புத்தகத்தில் உள்ள சேஸி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் காரில் உள்ளதோடு நீங்களே எழுத்தெழுத்தாகப் பாருங்கள். புத்தகத்தில் முழு உரித்தாளர் என்று லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், அது நீக்கப்படும்வரை முழுக் காசையும் கொடுக்காதீர்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் வாகன இலக்கத்தைக் கொடுத்தும் சரிபார்க்கலாம்.

பெயர் மாற்றத்துக்கு விற்கிறவர் கையொப்பமிடுவது எம்டிஏ 6 படிவம், வாங்குகிறவர் கொடுப்பது எம்டிஏ 8 படிவம். விற்றவர் 14 நாளுக்குள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். "ஓப்பன் பேப்பர்ஸ்" என்று வெற்றுப் படிவத்தில் கையொப்பம் மட்டும் போட்டு மூன்று கை மாறி வந்த காரை வாங்கினால், முதல் சொந்தக்காரர் வெளிநாடு போயிருப்பார், அல்லது மௌத்தாகியிருப்பார். படிவத்தில் சின்னத் திருத்தம் என்றாலும் அவரைத் தேடி அலைவது நீங்கள்தான். வருமான அனுமதிப்பத்திரமும் புகைப் பரிசோதனைச் சான்றும் எப்போது முடிகின்றன என்பதையும் பாருங்கள். புகைப் பரிசோதனையில் இந்த வருடம் சித்தியடைந்ததா என்பது எஞ்சினைப் பற்றிய இலவச மருத்துவ அறிக்கை.

ஓட்டோ கியரா, மனுவலா?

ஏ4இல் இரண்டும் ஒன்றுதான். மனுவல் மலிவு, பழுதும் மலிவு. வீட்டில் இன்னொருவரும் ஓட்டப் பழகப்போகிறார் என்றால் ஓட்டோ.

மின்சாரக் கார்?

வீட்டில் சோலார் இருந்து, நாளுக்கு 50 கிலோமீற்றர் ஓடுகிறவருக்குக் கணக்கு அழகாக வரும். பழைய நிசான் லீஃப் மலிவாகத் தெரிவதில்தான் பொறி. அதன் பற்றரிக்குத் தனிக் குளிரூட்டல் கிடையாது, நம்மட வெப்பத்தில் வேகமாகத் தேயும். டாஷ்போர்டில் பன்னிரண்டு கட்டத்தில் எத்தனை மிச்சம் என்று எண்ணிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

மூன்றாம் தரப்புக் காப்புறுதி போதாதா?

சட்டத்துக்குப் போதும். லீசிங் கார் என்றால் முழுக் காப்புறுதிதான், அவர்களே விடமாட்டார்கள். சொந்தக் காசில் எடுத்த காரானாலும் முதல் இரண்டு வருடம் முழுக் காப்புறுதி எடுக்கவே சொல்வேன். அதில் இயற்கை அனர்த்தம் சேர்ந்திருக்கிறதா, ஓடும்போது எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் என்ன என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். தண்ணீருக்குள் நின்றுபோன காரைத் திரும்ப ஸ்டார்ட் பண்ணாதீர்கள். உள்ளே போன நீரை பிஸ்டன் நசுக்கப் பார்க்கும், நீர் நசுங்காது, பிஸ்டனைத் தள்ளும் கம்பி வளையும். தள்ளி வெளியே எடுங்கள்.

இரவில் ஓடுவதைப் பற்றி?

கார் தெரிவுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. செங்கலடி, வந்தாறுமூலைப் பக்கமாகட்டும், திருக்கோவில் பக்கமாகட்டும், இரவானால் சூடான தார் வீதியில் மாடு படுத்துக் கிடக்கும். பின் லைட் இல்லாத உழவு இயந்திரம் வேறு. அம்பாறையில் இருந்து உள்ளே போனால் யானை. மஞ்சளாகிப் போன ஹெட்லைட் உள்ள காரை வாங்கினால், முதல் வேலை அதைப் பொலிஷ் பண்ணுவது அல்லது மாற்றுவது. பாட்டுப்பெட்டி பிறகு. கண்ணாடிக்குக் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்ட நினைப்பவர்கள், இருட்டில் கறுப்பு எருமை எப்படித் தெரியும் என்று ஒருக்கா யோசியுங்கள்.

நாள் பார்த்து எடுக்க வேணுமா?

அம்மா இருக்கிற வீட்டில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். பாருங்கள். மாமாங்கத்திலோ உங்கள் ஊர்ப் பிள்ளையாரிலோ ஒரு அர்ச்சனையும் வையுங்கள். ஆனால் வங்கி திறந்திருக்கும், உங்கள் பாஸுக்கு வேலையில்லாத, மழை விட்ட காலை நேரமாக அந்த நாள் அமையட்டும் என்று சாத்திரியாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நல்ல சாத்திரியார் ஒத்துழைப்பார். டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைக்கக் குனியும்போது, அந்த நாலு இலக்கத்தையும் இன்னொருக்கா பார்த்துக்கொள்ளுங்கள். பார்க்க வந்த அன்று இருந்த அதே டயர்தானா என்று.